பசித்த வயிற்றோடு பணிக்குச் செல்லும் வட ஆற்காடு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குச் செல்வோரைப் பகல் நேரத்தில் பிடித்துக்கொள்ளும் சோர்வு பற்றியும், கவனம் சிதறுவது பற்றியும் நாளிதழ்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. தூக்கக் குறைவு, மன அழுத்தம், கைப்பேசி என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவை யாவும் உண்மையே. ஆனால் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த எங்கள் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத்தில் அவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கும் காரணம் ஒன்று உண்டு. உழைக்கும் மக்களில் பெரும்பாலோர், குறிப்பாகப் பெண்கள், எதை எப்போது உண்கிறார்கள் என்பதே அது. இதைத் தனிமனிதரின் கட்டுப்பாடு பற்றிய செய்தியாக அல்லாமல், வேலை நேரம் பற்றிய செய்தியாகத் தாங்கள் எடுத்துப் பேச வேண்டும் என்ற விருப்பத்தினால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகளாகத் தோல் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். தையல் வரிசையிலிருந்து வரும் காலணி மேற்பகுதிகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் ஓரத்திலிருந்து விலகியிருக்கிறதா, ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் அகன்றும் ஓடியிருக்கிறதா, இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலை. துணியில் தையல் பிசகினால் பிரித்துவிட்டு மறுபடியும் தைத்துக்கொள்ளலாம். தோலில் அது நடவாது. ஊசி இறங்கிய துளை அப்படியே நின்றுவிடும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் அந்தத் துண்டு கழிவுக்குத்தான் போகும். ஆகவே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் கண்ணும் கையும் ஒரு நொடிகூடப் பிரியக் கூடாது.

பிழைகள் நாள் முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. முற்பகல் பத்தரை, பதினொன்றை ஒட்டியும், பிற்பகல் இரண்டரையிலிருந்து மூன்றரை வரையிலும்தான் அவை கூடுதலாக மேசைக்கு வருகின்றன. எங்கள் பிரிவில் இதை அறியாதவர் இல்லை. நல்ல கைத்திறனுள்ள பெண், காலை எட்டரை மணிக்குக் குறை சொல்ல முடியாதபடி தைத்தவள், பதினொரு மணிக்கு அதே வளைவில் தடுமாறுகிறாள். அந்நேரங்களில் 'வேலையில் நினைப்பில்லை', 'வீட்டு ஞாபகம்' என்று மேற்பார்வையாளர்கள் கடிந்துகொள்வதைத் தொழிற்சாலைகள் பலவற்றில் கேட்கலாம். அந்தப் பெண்களின் மதிய உணவுப் பெட்டிகளையும், காலையில் அவர்கள் வேனில் ஏறும் நேரத்தையும் நன்கறிந்தவள் என்ற முறையில், இக்குற்றச்சாட்டை என்னால் ஏற்க இயலவில்லை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தொழிற்சாலை வேன்கள் காலை ஆறரை மணிக்கெல்லாம் ஊர் எல்லைக்கு வந்துவிடுகின்றன. அதற்குள் எழுந்து, குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் அதைப் பிடித்து வைத்து, சோறும் குழம்பும் ஆக்கி, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் வேலைக்குச் செல்லும் கணவருக்கும் தனக்கும் பெட்டி கட்டி முடிக்கும் பெண், நின்றபடியே ஒரு தம்ளர் டீயைக் குடித்துவிட்டு ஓடுகிறாள். முந்தைய இரவு எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவள் உண்டது ஒன்பதரை மணிக்கு என்று வைத்துக்கொண்டால், அடுத்த முறை வயிறார உண்பது மறுநாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு. இடையில் பதினைந்து மணி நேரம். அந்தப் பதினைந்து மணி நேரத்தில் அவளுக்குக் கிடைப்பது இரண்டு டீயும் நான்கு பிஸ்கட்டும். இல்லையேல் ஒரு பொறை ரொட்டி.

மனித மூளையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல் இரவு முழுவதும் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துவருகிறது. விடியும்போது அச்சேமிப்பின் பெரும் பகுதி தீர்ந்திருக்கும். அதன்பின் உடல் வேறு வழிகளில் சமாளித்துக்கொள்ளும் என்பது மெய்தான். ஒருவேளை உண்ணாததால் மட்டும் யாரும் மயங்கி விழுந்துவிடுவதில்லை. ஆனால் சமாளிப்பது வேறு, நுண்ணிய வேலையை மணிக்கணக்கில் பிசகின்றிச் செய்வது வேறு. போதாக்குறைக்கு அந்த வெறும் வயிற்றில் சர்க்கரை கூடுதலாகப் போட்ட டீயும் மைதா பிஸ்கட்டும் விழும்போது, இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறி, அதை இறக்க இன்சுலின் சுரந்து, சிறிது நேரத்தில் மீண்டும் சரிகிறது. வெறும் வயிற்றில் டீ குடித்த பெண் ஒன்பது, பத்து மணிக்கு எரிச்சலும் கைநடுக்கமும் தலைவலியுமாக இருப்பதற்கு மேற்பார்வையாளர் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் ரமலான் மாதம் முழுவதும் இசுலாமிய சகோதர சகோதரிகள் நோன்பிருந்தே வேலை பார்க்கிறார்களே என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நோன்பு என்பது மனம் ஒப்பி மேற்கொள்வது. விடியலுக்கு முன் எழுந்து சஹர் உணவை ஒழுங்காக உண்டபின் தொடங்குவது. மாலையில் பேரீச்சம்பழமும், அரிசியும் பருப்பும் சேர்த்துக் காய்ச்சிய நோன்புக் கஞ்சியுமாக நிதானத்துடன் திறக்கப்படுவது. அம்மாதத்தில் வேலை நேரத்தை மாற்றியமைத்துக் கொடுக்கும் முதலாளிகளும் உண்டு. நேரமில்லாமையால் ஆண்டு முழுவதும் பட்டினி கிடப்பதை அதனோடு ஒப்பிடுவது முறையல்ல. மாறாக, உண்பதற்கும் உண்ணாதிருப்பதற்கும் வேளை வகுத்து வாழும் ஒரு வழக்கம் நம் கண்முன்னேயே இருக்கிறது என்றுதான் அதைப் பார்க்க வேண்டும்.

டீயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் எங்கள் மாவட்டங்களில் பசிக்கு முதல் மருந்து அதுவாகத்தான் இருக்கிறது. டீயிலும் காபியிலும் உள்ள காஃபின், மூளைக்குக் களைப்பை உணர்த்தும் பொருளை அதன் இடத்தில் அமரவிடாமல் தடுக்கிறதே தவிர, களைப்பை நீக்குவதில்லை, பசியையும் ஆற்றுவதில்லை. குடித்ததில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக்குக் குடித்த டீ இரவு பதினொரு மணித் தூக்கத்தையும் கெடுக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் இன்னொரு டீ. இதைவிடக் கவலைக்குரிய செய்தி இரும்புச்சத்து பற்றியது. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தை, அதிலும் கீரை, பருப்பு, தானியங்களில் உள்ளதை, உடல் ஏற்றுக்கொள்ளாதபடி கட்டிவிடுகின்றன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் சார்பில் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரமாவது டீயும் காபியும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல் அந்நிலையில்தான் இருக்கிறார்கள். இரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் உயிர்வளி குறையும்; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்; ஒன்றிலும் மனம் நிற்காது. இதை 'சோம்பல்' என்று அழைப்பது எத்தனை பெரிய அநீதி! கீரையும் பருப்பும் உண்ட கையோடு டீயைக் குடிக்காமல், எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் அதே உணவிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்து கூடும். காசு அதிகம் பிடிக்காத மாற்றம் இது. ஆனாலும் இதை அப்பெண்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்களுக்கு உணவு மட்டும் போதாது என்பதால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து மாத்திரை பெற்றுக்கொள்வதும் இன்றியமையாதது.

இனி மதிய உணவு. பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இருப்பது எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், அல்லது அழுத்தி வைத்த வெள்ளைச் சோறும் கொஞ்சம் இரசமும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் அல்லது உருளைக்கிழங்கு வறுவல். பதினைந்து மணி நேரப் பசிக்கு ஈடு கட்ட, அளவும் அதிகம். தவிடு முழுதும் நீக்கிய அரிசி விரைவாகச் செரித்துச் சர்க்கரையாகிறது. கூடவே காயும் பருப்பும் இல்லாதபோது அதன் வேகத்தைத் தணிக்க எதுவுமில்லை. பிற்பகலில் சற்றே கண் சொருகுவது மனித உடலின் நாட்கடிகாரத்திலேயே உள்ள இயல்பு. உணவே உண்ணாதவர்க்கும் அது ஓரளவு உண்டு. அந்த இயல்பான தணிவின்மேல் ஒரு தட்டு நிறைய வெறுஞ்சோறும் சேரும்போதுதான் தாங்க முடியாத தூக்கமாகிறது. இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 50 முதல் 70 சதவீதம் வரை தானியங்களிலிருந்தே வருகிறது என்றும், அது 45 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றும் மேற்சொன்ன வழிகாட்டுதல் கூறுகிறது. சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை; சோறின்றி எங்களுக்கு உணவில்லை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அவ்விடத்தில் காராமணியோ மொச்சையோ ஒரு முட்டையோ, எங்கள் இலவம்பாடிக் கத்திரிக்காய்ப் பொரியலோ வைத்தால், மூன்று மணிக்கு வரும் தூக்கம் பாதியாவது குறையும் என்பதை என் வரிசையில் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பிறகு உண்பதும் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே எதையும் மாற்ற வேண்டும்.

தண்ணீரைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வேலூரின் கோடை எப்படிப்பட்டது என்பதைத் தமிழ்நாடு அறியும்; அக்கினி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. உடல் எடையில் 1 முதல் 2 சதவீத அளவு நீர் குறைந்தாலே கவனமும் மனநிலையும் தடுமாறத் தொடங்கும் என்கிறது மருத்துவம். அப்படியிருக்க, வேனில் ஏறும் பெண்கள் காலையிலிருந்தே வேண்டுமென்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வழியில் கழிப்பறை கிடையாது. வேலையிடத்தில் கழிப்பறைக்கு எழுந்து போனால் எத்தனை நிமிடம் என்று பார்க்கப்படுகிறது. சில இடங்களில் அது போகத் தகுந்த நிலையில் இல்லை. சிறுநீர்த் தாரையில் தொற்று வந்து அவதிப்படுவோர் எங்களிடையே ஏராளம். இவர்களிடம் 'நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர் குடியுங்கள்' என்று அறிவுரை சொல்வதைவிட, ஒரு சுத்தமான கழிப்பறையைப் பூட்டி வைக்காமல் அவர்களுக்குத் திறந்து விடுவது பெரிய மருத்துவம்.

நல்ல உணவு என்றவுடன் ஓட்ஸ், பாதாம் என்று கடையில் விலை கொடுத்து வாங்குவதையே பலரும் நினைக்கிறார்கள். வட ஆற்காடு அந்த வகையில் வறிய பூமி அல்ல. ஆடி மாதத்தில் தெருத்தெருவாக அம்மனுக்குக் கூழ் வார்க்கும் மக்கள் நாங்கள். கேழ்வரகு மாவை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, அதில் புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி இறக்கி, ஆறியபின் மூடி வைத்தால், விடியற்காலையில் அதில் ஒரு உருண்டையை எடுத்து மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அடுப்பு பற்ற வைக்க வேண்டாம், நின்றபடியே குடித்துவிடலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் அதிகமாகக் கால்சியம் உள்ளது. நார்ச்சத்து உள்ளதால் பசியைத் தாங்கும். மோர் சேர்வதால் நீரும் உப்பும் கிடைக்கும். கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலை. 30 கிராம் வேர்க்கடலையில் ஏழு கிராமுக்கு மேல் புரதம் உண்டு; ஒரு முட்டையில் இருப்பதற்குக் குறைவில்லை. சவ்வாது மலையில் சாமை விளைகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடியபோது அழகழகான பொட்டலங்களில் சிறுதானியம் நகரத்து அங்காடிகளுக்குப் போனது. அதை விளைவிக்கும் மலைக்குக் கீழே வேனுக்குக் காத்திருக்கும் பெண் பிஸ்கட் தின்கிறாள் என்பது என் மனத்தை மிகவும் உறுத்துகிறது. பழைய சோற்றையும் இவ்வாறே இழந்தோம். விருந்தாளி முன் வைக்கக் கூடாத உணவு என்ற வெட்கம் அதைச் சமையலறையின் மூலைக்குத் தள்ளிவிட்டது.

இந்நிலை காலணித் தொழிலாளருக்கு மட்டும் உரியதன்று. விடியுமுன்னரே ஜோலார்பேட்டையில் புறப்படும் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் எழுத்தர்களும், வேலூர் லாங் பஜார் கடைகளில் வாடிக்கையாளர் ஓயும்வரை சாப்பிடக் காத்திருந்து மாலை நான்கு மணிக்குப் பெட்டியைத் திறக்கும் விற்பனையாளர்களும், ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் வடையை விழுங்கிவிட்டுப் பேருந்தை எடுக்கும் ஓட்டுநர்களும் இதே நிலையில்தான் உள்ளனர். ஓட்டுநரின் கவனம் சிதறினால் கழிவது ஒரு தோல் துண்டு அல்ல.

பசித்த வயிற்றோடு இருப்பவனிடம் கவனத்தை எதிர்பார்க்கக் கூடாது என்பதை இந்த மாநிலம் நெடுங்காலத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்த காமராசர், 1954-இல் முதலமைச்சரானபின் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது எங்கள் குடியாத்தத்திலிருந்துதான். அதை இன்றும் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. இப்போது பிள்ளை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சாம்பாருடன் உண்டு பாடத்தில் அமர்கிறது. அந்தப் பிள்ளையின் தாய் அதே நேரத்தில் வெறும் வயிற்றோடு ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும், 250 பேருக்கு மேல் பணிபுரியும் இடங்களில் சிற்றுண்டிச்சாலை வேண்டும் என்றும் வகை செய்தது. கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியபோது நாடே திரும்பிப் பார்த்தது. அந்தப் பரிவை உணவு வேளைக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதிகாலையில் வேனில் வரும் தொழிலாளர்களுக்கு, வேலை தொடங்குமுன்னோ ஒன்பதரை மணிக்கோ உண்பதற்கென்றே கால் மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அது சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது. அந்நேரத்தில் டீயும் பிஸ்கட்டும் நீட்டப்படும் சிற்றுண்டிச்சாலைகளில் கூழோ, சுண்டலோ, காய் சேர்த்த கிச்சடியோ கொடுக்கப்பட வேண்டும். பிஸ்கட்டைவிட இதற்குச் செலவு பெரிதாகக் கூடிவிடாது. கழிவுக்குப் போகும் தோலின் விலையைக் கணக்கிட்டால் முதலாளிக்கே இது ஆதாயம். காட்பாடி, வாலாஜா சாலை, ஆம்பூர் இரயில் நிலையங்களில் விடியற்காலையில் சுண்டலும் கூழும் சுத்தமாக விற்பதற்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இடம் கொடுக்கலாம். வீட்டிலுள்ள ஆண்களிடமும் ஒரு சொல்: கூழுக்கு மாவு கரைத்து வைப்பதற்கும், காலையில் தம் பெட்டியைத் தாமே கட்டிக்கொள்வதற்கும் தனித்திறமை எதுவும் தேவையில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் மனைவி உட்கார்ந்து சாப்பிட முடியும்.

தங்கள் நாளிதழின் செய்தியாளர்கள், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் காலை ஆறரை மணிக்கு வேன்கள் நிற்கும் இடங்களுக்கு ஒருமுறை நேரில் வந்து, ஏறுகிறவர்களிடம் கடைசியாக எப்போது உண்டார்கள் என்று கேட்டு எழுத வேண்டுகிறேன். தொழிலாளர் துறை அலுவலர்களிடமும் தொழிற்சாலை நிர்வாகங்களிடமும் அதே கேள்வியைக் கேட்டு, அவர்கள் தரும் விடைகளையும் உடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.